புதிய மூளை அணுக்கள் பெருகினால் பதற்றம் குறையுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதற்றக் கோளாறுக்காக மூன்று மாதமாக எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள். ஓரளவு பரவாயில்லை, ஆனால் முழுதாகப் போகவில்லை. மூளையில் புது அணுக்கள், அதாவது நரம்புச் செல்கள், பிறப்பது குறைந்துபோனதால்தான் பதற்றம் வருகிறது என்றும், இந்த மருந்துகள் வேலை செய்வதே அந்த அணுக்களை வளர்த்துத்தான் என்றும் ஒரு காணொளியில் கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அணுக்களை நேரடியாக வளர்ப்பதாகச் சொல்லும் காளான் மாத்திரைக்கு மாறிவிட்டு மருந்தை நிறுத்தலாமா என்பது கேள்வி. நிறுத்தலாமா என்பதற்குப் பதில் இப்போதே: இந்தக் காரணத்துக்காக நிறுத்த வேண்டாம். நிறுத்தும் நேரம் வரும்போது எப்படி நிறுத்துவது என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. பதற்றம் என்பது ரத்தசோகை மாதிரி ஒரு குறைபாடு, குறைந்ததை ஊட்டினால் சரியாகிவிடும் என்பது. காணொளிகள் விற்பதும் இதைத்தான். ஆய்வகத்தில் கிடைத்திருக்கும் சித்திரம் வேறு. புது நரம்பணுக்கள் அமைதியை உண்டாக்கும் சரக்கு அல்ல. ஒன்றையொன்று ஒத்த இரண்டு அனுபவங்களைப் பிரித்துவைப்பதிலும், எழுந்த பயம் அடங்கவேண்டிய நேரத்தில் அடங்குவதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அதுவும் எலிகளில். மனிதரில் இது நியாயமான ஊகம், அவ்வளவே. இடையில் ஒரு சொல் விளக்கம்: தமிழில் 'மன அழுத்தம்' என்று எழுதினால் ஒருவர் நெருக்கடி என்று படிப்பார், இன்னொருவர் மனச்சோர்வு நோய் என்று படிப்பார். இந்தத் துறைச் செய்திகள் தமிழில் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கீழே நெருக்கடி என்றால் வெளியிலிருந்து வரும் அழுத்தம். பதற்றம் என்றால் உங்களுக்கு இருக்கும் அந்த நோய்க்குறி.

புது நரம்பணு மூளை முழுக்கப் பிறப்பதில்லை. பாலூட்டிகளில் நன்கு நிறுவப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று வாசனையை அறியும் மூளைக் குமிழுக்குப் போகும் பாதை; மனிதரில் அது குழந்தைப் பருவத்திலேயே ஏறக்குறைய வற்றிவிடுகிறது. இன்னொன்று, நமக்கு வேண்டியது, காதுக்கு உள்பக்கமாக இரு புறமும் இருக்கும், நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸில் உள்ள டென்டேட் ஜைரஸ் என்ற மெல்லிய மடிப்பு. அதன் உள்விளிம்பில் இருக்கும் மூலச்செல்கள் பிரிந்து புது அணுக்களைத் தருகின்றன. சுண்டெலியில் இவற்றின் வாழ்க்கைக் கணக்கு நன்றாகத் தெரியும். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிடும். தப்பியவை கிளை நீட்டி, பழைய அணுக்களோடு இணைப்புப் போட்டு, நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை துடுக்கான இளவட்டம் போல இருக்கும்: லேசாகத் தூண்டினாலே பதில் சொல்லும், புதியதை எளிதில் பதிந்துகொள்ளும். எட்டு வாரத்துக்குப் பிறகு பக்கத்தில் உள்ள பழைய அணுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே புது அணுக்களின் தனித்தன்மை அந்தச் சில வாரங்களில்தான்.

1962-லேயே ஜோசப் ஆல்ட்மன் இதைக் கண்டு எழுதினார். 1965-ல் கோபால் தாஸுடன் சேர்ந்து எலி ஹிப்போகாம்பஸில் விரிவாகக் காட்டினார். கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை ஊசியில் செலுத்தினால், அந்த நேரத்தில் பிரியும் செல் அதைத் தன் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும், பிறகு படச்சுருளில் கரும்புள்ளியாகத் தெரியும். முறை சரியானது. ஆனாலும் பிறந்த பிறகு நரம்பணு பிறக்காது என்ற பாடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்ததால் ஏறத்தாழ முப்பது வருடம் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மனிதரில் முதல் நேரடிச் சான்று 1998-ல் வந்தது. புற்றுக்கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க, பிரியும் செல்லில் ஒட்டும் ஒரு வேதிப்பொருளைச் சில நோயாளிகளுக்குச் செலுத்தியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இறந்த பின் ஹிப்போகாம்பஸைப் பார்த்தபோது அந்த அடையாளம் ஒட்டிய நரம்பணுக்கள் இருந்தன.

எவ்வளவு பிறக்கிறது என்பதில்தான் சண்டை. 2013-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு அழகான ஒரு வழியைப் பிடித்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு வருடாவருடம் இறங்கிவந்தது. செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டி.என்.ஏ.வில் முத்திரையாக நின்றுவிடும். அந்த முத்திரையைப் படித்து, ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளுக்குச் சுமார் 700 புது நரம்பணு என்று கணக்கிட்டார்கள். அந்த மடிப்பில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்றரைக் கோடி அளவில் அணுக்கள் உள்ளன என்பதோடு சேர்த்துப் பாருங்கள்; வருடத்துக்கு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. பிறகு 2018-ல் ஒரே மாத இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் நேரெதிராக வந்தன. சான் பிரான்சிஸ்கோ குழு 59 பேரின் திசுக்களைப் பார்த்து, பெரியவர்களிடம் இளம் நரம்பணு ஒன்றுகூட அகப்படவில்லை என்றது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 14 முதல் 79 வயது வரையிலான 28 பேரைப் பார்த்து, வயதானாலும் பிறக்கிறது என்றது.

இரண்டு நல்ல குழுக்கள் எப்படி இப்படி முரண்படும் என்பதற்கு விடை பெரும்பாலும் மூளைத் திசு கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் பாத்திரத்தில் இருக்கிறது. இளம் நரம்பணுவை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் என்ற புரதம் மென்மையானது. இறந்து எத்தனை மணி நேரம் கழித்து மூளை எடுக்கப்பட்டது, எத்தனை நாள் ஊறியது என்பதைப் பொறுத்து சாயம் ஏறும் அல்லது ஏறாது. 2019-ல் மாட்ரிட் குழு ஒரே மூளையின் துண்டுகளை வெவ்வேறு நேரம் ஊறவைத்துப் பார்த்தது. ஊறும் காலம் கூடக்கூட அடையாளம் மங்கியது. குறைவாக ஊறிய துண்டுகளில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடமும் இளம் அணுக்கள் தெரிந்தன. மறுபக்கத்தார் விடவில்லை; டபுள்கார்ட்டின் தெரிந்தாலே அது புதிதாகப் பிறந்தது என்று ஆகாது, சிறுவயதில் பிறந்து முதிராமல் காத்திருக்கும் அணுவாகவும் இருக்கலாம் என்றார்கள். அது நியாயமான எதிர்வாதம். 2025-ல் ஃப்ரிசேன் குழு, ஒவ்வொரு செல்லின் மரபணுச் செயல்பாட்டையும் தனித்தனியாகப் படித்து, பெரியவர்களின் டென்டேட் ஜைரஸில் பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிச் செல்களையே காட்டியது. அதில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்: சிலரிடம் கணிசமாக, சிலரிடம் தேடினாலும் அகப்படாத அளவுக்கு. என் கணிப்பில் 'பிறக்கிறதா' என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது; 'எவ்வளவு, யாரிடம், அதனால் என்ன' என்பது முடியவில்லை.

இனி பதற்றம். உங்கள் காணொளியின் மூலக்கதை 2003-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹெனின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அந்தச் சோதனையைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. எலியின் 'பதற்றம்' என்று எதை அளக்கிறார்கள் என்பது அங்கேதான் புரியும். சுண்டெலியை ஒரு நாள் பட்டினி போடுவார்கள். மறுநாள் அதற்குப் பழக்கமில்லாத ஒரு பெட்டி. தரையில் மரத்தூள், மேலே பளிச்சென்று விளக்கு, நட்டநடுவில் ஒற்றைத் தீனி உருண்டை. சுண்டெலிக்கு வெளிச்சமும் திறந்தவெளியும் ஆகாது; பருந்துக்கு இரையாகும் இடம் அது. ஆகவே சுவரோரமாகவே ஊரும். நடுவே ஓடும், உருண்டையை முகரும், கடிக்காமல் ஓரத்துக்குத் திரும்பிவிடும். கடைசியில் முன்னங்காலால் பிடித்து ஒரு கடி கடிக்கும்வரை எத்தனை விநாடி என்பதுதான் அளவு. பிறகு உடனே அதன் சொந்தக் கூண்டில் தீனி வைத்து எவ்வளவு தின்கிறது என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தாமதம் பயத்தாலா பசியின்மையாலா என்று தெரியாது.

இந்தச் சோதனையில், உங்கள் மருந்தின் வகையையே சேர்ந்த ஃபுளூவாக்ஸடின் ஒரு வாரத்துக்குள் ஒன்றும் செய்யாது. நான்கு வாரம் கொடுத்தால் தாமதம் குறையும். நோயாளிகளிடம் மருந்து பலிக்க வாரங்கள் ஆவதை இது ஒத்திருப்பதால்தான் சோதனைக்கு மதிப்பு. ஹெனின் குழு, மூளையின் மற்ற பகுதிகளை ஈயத்தால் மறைத்து ஹிப்போகாம்பஸுக்கு மட்டும் எக்ஸ்-கதிர் கொடுத்தது. பிரியும் செல்கள் அழிந்தன. அதற்குப் பிறகு நான்கு வாரம் மருந்து கொடுத்தும் தாமதம் குறையவில்லை. மருந்தின் பலனுக்குப் புது அணுக்கள் தேவை என்ற முடிவு இதிலிருந்து வந்தது, உலகெங்கும் பரவியது. பரவாமல் போன பாதி இது: மருந்து கொடுக்காமல் கதிர் மட்டும் பெற்ற சுண்டெலிகள் சாதாரணச் சுண்டெலிகளைவிடப் பதற்றமாக இல்லை. புது அணு இல்லாததே பதற்றத்துக்குக் காரணம் என்றால் அவை நடுங்கியிருக்க வேண்டுமே? பின்னால் வேறு சுண்டெலி இனங்களில் புது அணுக்கள் இல்லாமலே மருந்து பலித்தது. 2009-ல் அதே ஆய்வகம், ஃபுளூவாக்ஸடினின் விளைவுகளில் சில புது அணுக்களைச் சார்ந்தவை, சில சாராதவை என்று தானே பிரித்து எழுதியது.

என்னைக் கேட்டால் முக்கியமான திருப்பம் 2011-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்திலிருந்து வந்ததுதான். ஹெர்பிஸ் வைரஸின் ஒரு மரபணுவை மூலச்செல்களில் வைத்த சுண்டெலிகள். வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் பிரியும் மூலச்செல் மட்டும் சாகும். கதிரைப் போல அக்கம்பக்கத்தில் வீக்கம் உண்டாக்காத சுத்தமான முறை. இவற்றைச் சும்மா விட்டால் மற்ற சுண்டெலிகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு இல்லை. அரை மணி நேரம் குழாய்க்குள் அடைத்து வெளியே விட்டால்தான் வேறுபாடு வெளிப்பட்டது: சாதாரணச் சுண்டெலியில் நெருக்கடி ஹார்மோன் ஏறி இறங்கியது, இவற்றில் இறங்கத் தாமதமானது. முன்பு சொன்ன தீனிப் பெட்டியிலும் அப்படியே. அடைபட்ட பிறகு பெட்டியில் விட்டபோது இவை மட்டும் அதிக நேரம் தயங்கின. ஹிப்போகாம்பஸ், ஹைப்போதலாமஸை அடக்கி அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனைக் குறைக்கும் ஒரு பிரேக் என்பது முன்பே தெரியும். புது அணுக்கள் இல்லையென்றால் அந்தப் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. நீடித்த நெருக்கடியும் அந்த ஹார்மோனும் புது அணுக்களின் பிறப்பைக் குறைக்கின்றன என்று எலிசபெத் கூல்ட் 1990-களிலேயே காட்டியிருந்தார். கோழியா முட்டையா என்ற நிலை.

நெருக்கடிக்குப் பிரேக் பிடிப்பது புது அணுக்களின் ஒரு வேலை என்றால், இரண்டாவது வேலை சலிப்பது. டென்டேட் ஜைரஸ் ஒரு சல்லடை; ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இடங்களை, இரண்டு நாள்களை வெவ்வேறு நினைவாகப் பிரித்து வைக்கும். ஒரு திருப்பத்தில் லாரி உரசி வண்டியோடு விழுந்தவருக்கு அந்தத் திருப்பத்தில் நெஞ்சு படபடத்தால் அது பாடம். எந்தத் திருப்பத்திலும், எந்த லாரியைக் கண்டாலும், ஹாரன் சத்தத்துக்கே படபடத்தால் அது நோய். பீதிக் கோளாறு உள்ளவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள்: திரையில் ஒரு குறிப்பிட்ட அளவு வட்டம் வரும்போது லேசான மின்னதிர்ச்சி, பிறகு அதிலிருந்து அளவில் சிறிது சிறிதாக விலகும் வட்டங்களைக் காட்டினால், நோயில்லாதவருக்கு அளவு விலக விலக பயம் வேகமாகக் குறையும், நோயாளியிடம் தூரம் வரை பரவியிருக்கும். 2011-ல் ஹெனின் குழு புது அணுக்கள் சாகாமல் தடுத்துப் பெருக்கிய சுண்டெலிகள் ஒத்த இரண்டு கூண்டுகளை நன்றாகப் பிரித்தறிந்தன. கவனிக்க: அணு பெருகியதால் மட்டும் அவற்றின் பதற்றம் குறையவில்லை. நெருக்கடி ஹார்மோனைத் தொடர்ந்து கொடுத்த சுண்டெலிகளில் அணுக்களைப் பெருக்கியபோதுதான் குறைந்தது. அது 2015-ல் வந்த முடிவு.

2018-ல் இன்னும் ஒரு கண்ணி சேர்ந்தது. எலியின் ஹிப்போகாம்பஸில் மேற்பகுதி இடங்களையும் பாதைகளையும், கீழ்ப்பகுதி பயத்தையும் அதிகம் பார்த்துக்கொள்கிறது; மனிதரில் அந்தக் கீழ்ப்பகுதிக்கு ஈடு முன்பகுதி. சுண்டெலியை முரட்டுச் சுண்டெலியின் கூண்டில் தினமும் சில நிமிடம் விட்டு அடிவாங்க வைக்கும் முறை ஒன்று உண்டு. புது அணுக்கள் அதிகம் இருந்தவை அதன் பிறகு ஒதுங்கி ஒடுங்கவில்லை. காரணத்தைத் தேடியபோது, இளம் அணுக்கள் கீழ்ப்பகுதியின் பழைய அணுக்களை அமைதிப்படுத்துவது தெரிந்தது. 'புது அணு கூடினால் மூளை சுறுசுறுப்பாகும்' என்ற விளம்பர வாசகத்துக்கு நேர் எதிரான செய்தி: இங்கே அவற்றின் பங்கு மற்றவற்றை அடக்குவது.

இவ்வளவும் ஒரே திசையில் போவதுபோல் தெரிந்தால், இடறும் கல் ஒன்றையும் காட்டிவிட வேண்டும். சக்கரத்தில் ஓடவிட்டால் சுண்டெலிக்குப் புது அணுக்கள் பெருகும். 1999 முதல் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம் இது. 2010-ல் ஒரு ஜெர்மன் குழு, ஓடிய சுண்டெலிகள் பதற்றச் சோதனைகளில் அதிகம் பயந்தன என்றும், புது அணு எவ்வளவு கூடியதோ அவ்வளவு பயம் கூடியது என்றும் எழுதியது. 2013-ல் கூல்ட் ஆய்வகம் எதிர்மாறாக, ஓடியவை பயமின்றி இருந்தன, நெருக்கடி வந்தபோது கீழ்ப்பகுதியின் தடுப்பு அணுக்கள் நன்றாக வேலை செய்தன என்றது. கூண்டின் அளவு, தனியாக வளர்த்தார்களா கூட்டமாகவா, ஓடிய பிறகு சக்கரத்தை எடுத்தார்களா என்பதெல்லாம் இந்த முடிவுகளைத் திருப்பக்கூடியவை. போதாக்குறைக்கு 2014-ல் டொரண்டோ குழு, கற்ற பிறகு புது அணுக்களைப் பெருக்கினால் பழைய பய நினைவு மறந்துபோகிறது என்று காட்டியது. பயத்தை மறப்பது நல்லதுதானே எனலாம். ஆனால் அந்த அணுக்களுக்கு நல்ல நினைவு கெட்ட நினைவு என்ற பாகுபாடு கிடையாது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாண்டும்போது எனக்குப் பெரிதாக உறுத்துவது காலக் கணக்கு. மருந்து பலிக்க ஆகும் நான்கு முதல் ஆறு வாரமும், சுண்டெலியின் புது அணு முதிரும் நான்கு முதல் ஆறு வாரமும் பொருந்துகின்றன என்பதுதான் அந்தக் கதையின் கவர்ச்சி. ஆனால் மக்காக் குரங்கில் ஒரு புது அணு முதிர ஆறு மாதத்துக்கும் மேல் ஆகிறது என்று 2011-ல் காட்டப்பட்டது. மனிதரில் அதைவிட வேகமாக நடக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. அப்படியானால் ஆறாவது வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த நிம்மதியைப் புது அணுவின் கணக்கில் எழுதுவது கடினம். கெட்டமைன் சில மணி நேரத்தில் மனச்சோர்வைக் குறைக்கிறது, லோராசெபாம் அரை மணியில் பதற்றத்தைத் தணிக்கிறது. அந்த நேரத்தில் எந்த அணுவும் பிறந்து வளராது. இருக்கும் அணுக்களுக்கிடையே இணைப்புகள் மாறுவதே பெரும்பங்கு என்று பலர் இப்போது நினைக்கிறார்கள். புது அணுக்களை வளர்ப்பதையே குறியாக வைத்து என்.எஸ்.ஐ-189 என்ற மருந்தை ஒரு அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனை 2017-ல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

காளான் மாத்திரைக்கு வருவோம். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் புது அணுக்களை எண்ணும் கருவி இன்று கிடையாது. எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒரு கன மில்லிமீட்டர். அதற்குள் பல்லாயிரம் அணுக்கள். 'எங்கள் மாத்திரை உங்கள் மூளையில் புது அணுக்களை வளர்க்கிறது' என்று எந்தப் புட்டியில் அச்சிட்டிருந்தாலும், அதை மனிதரில் யாரும் அளந்து பார்த்திருக்க முடியாது. எலியில் அல்லது கண்ணாடித் தட்டில் பார்த்ததைத்தான் எழுதியிருப்பார்கள். லயன்ஸ் மேன் காளானில் நடந்த மனிதச் சோதனைகள் சிறியவை, குறுகியவை. வல்லாரைக்கும் இதே நிலைதான். துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், செறிவூட்டிய மாத்திரையாக மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பதிவுகள் உண்டு. காளானைவிட நான் கவலைப்படுவது 'மூளைக் கலவை' மாத்திரைகளைத்தான். லேபிளின் அடியில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையோ, உடலில் செரட்டோனினாக மாறும் 5-எச்.டி.பி.யோ இருந்தால் எஸ்சிட்டாலோபிராமோடு சேர்க்கவே கூடாது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் அளவு மீறி காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம் வரை போகலாம்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? உடற்பயிற்சி, ஆனால் அணு பிறக்கும் என்பதற்காக அல்ல. பதற்றத்தைக் குறைக்கிறது என்று மனிதரிலேயே பார்த்திருக்கிறார்கள் என்பதற்காக. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி வேகநடை. வேகம் சரியா என்று பார்க்க: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பீதித் தாக்குதல் வந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். மூச்சு வாங்கி இதயம் அடித்துக்கொண்டதும், மறுபடி வந்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். படபடப்பு ஏறித் தானாக இறங்குவதை உடல் பலமுறை பார்ப்பதே பாதிச் சிகிச்சை.

மீதிப் பாதி, சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் வரும் படிப்படியான எதிர்கொள்ளல். ஹிப்போகாம்பஸ் பற்றித் தெரிந்தது நேரடியாகப் பயன்படும் ஒரே இடம் என்று இதைச் சொல்வேன். பேருந்தில் ஏறப் பயம் என்று வைத்துக்கொள்வோம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல்: நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பது 30, கூட்டமில்லாத பேருந்தில் இரண்டு நிறுத்தம் 50, காலை நெரிசலில் பாலம் தாண்டிப் போவது 90. முப்பதில் தொடங்கி, படபடப்பு ஏறி இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும். பையில் அவசர மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், துணைக்குத் தம்பி என்ற ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாக விட வேண்டும். கடைசியாக, பலரும் விட்டுவிடும் பகுதி: ஒரே தடத்தில், ஒரே நேரத்தில் மட்டும் பழகாதீர்கள். பயம் எளிதாக எல்லா இடத்துக்கும் பரவும். பயமின்மை பழகிய இடத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வேறு தடம், மாலை நேரம், மழை நாள், தனியாக என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் அது உங்களோடு கூட வரும். இது பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், வீட்டுப்பாடத்தோடு.

மருந்து பற்றி. நான் நரம்பறிவியல் பக்கத்து ஆள், மருந்துச்சீட்டு எழுதுபவன் அல்ல. அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்தும் பாதிதான் தேறியிருக்கிறது என்றால் அவரிடம் கேட்க வேண்டியவை இவை: அளவை 10-லிருந்து கூட்டலாமா, சிகிச்சை அமர்வுகளைச் சேர்க்கலாமா, தைராய்டும் ரத்தசோகையும் பி12-உம் பார்த்தாயிற்றா. மிகைத் தைராய்டு அச்சு அசலாகப் பதற்றம் போலவே இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வது வழக்கம்.

நிறுத்தும்போது சட்டென்று விட்டால் இரண்டு முதல் நான்கு நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு, தூக்கக் கெடுதல் வரலாம். பலர் இதைப் பழைய நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாள்கணக்கில் வந்து, மாத்திரையை மறுபடி போட்டதும் ஓரிரு நாளில் மறைந்தால் அது விடுபடும் அறிகுறி. வாரங்கள் கழித்து மெல்ல ஏறி, பழைய அதே பயங்களோடு வந்தால் நோய். 10-லிருந்து 5, அதிலிருந்து 2.5 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று இறங்க வேண்டும். கடைசிப் படிதான் செங்குத்து: அளவைப் பாதியாக்கினால் மூளையில் மருந்தின் பிடி பாதியாவதில்லை, சிறிய அளவிலும் பிடி கணிசமாக இருக்கும், ஆகவே 2.5-லிருந்து பூஜ்யம் என்பது 10-லிருந்து 5-ஐவிடப் பெரிய குதிப்பு. இடையில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.